காஸ்டிக் ஊற்றும் முன் தொட்டியைக் காற்றாட விடுங்கள்

புளிக்க வைக்கும் எவர்சில்வர் தொட்டியைக் காஸ்டிக் சோடாவால் கழுவும் முன், அழுத்தத்தை இறக்கிவிட்டு, மேல் மூடியையும் அடி வால்வையும் திறந்து, மேலிருந்து புளோவர் வைத்துக் காற்றை ஊதுங்கள். பீர் ஆலைக்கு மட்டுமல்ல, மலேசியாவின் பாகான் டத்தோ பக்கம் தோட்டத்துக் கொட்டகையில் தென்னங்கள்ளு வினிகர் போடுகிறவர்களுக்கும் இது பொருந்தும்.

காரணம், புளிப்பில் வரும் கரியமில வாயு காற்றைவிட ஏறக்குறைய 1.5 மடங்கு கனம். தொட்டியிலிருந்து கள்ளை வடித்த பிறகும் உள்ளேயே தங்கும். காஸ்டிக் அதை உறிஞ்சிச் சலவைச் சோடாவாகிவிடும்: 44 கிலோ வாயு 80 கிலோ காஸ்டிக்கைத் தின்னும். காசு போவதுகூடப் பரவாயில்லை. மூடிய தொட்டியில் வாயு மறைந்த இடம் வெற்றிடமாகி, தகடு உள்வாங்கி நசுங்கிவிடும். சூடாகக் கழுவிய கையோடு பச்சைத் தண்ணீர் அடித்தாலும் இதே ஆபத்துதான். அதனால் தொட்டி வாங்கும்போதே வெற்றிடத் தடுப்பு வால்வு இருக்கிறதா என்று கேளுங்கள். விலையில் பேரம் பேசலாம், இதில் வேண்டாம்.

ஊதும்போது கொட்டகைக் கதவுகள் திறந்திருக்கட்டும், வாயு தரையோடு தேங்கும். எவ்வளவு ஊதியிருந்தாலும் சரி, தொட்டிக்குள் தலையை விடவோ இறங்கவோ கூடாது.

பாஸ்பாரிக் போன்ற அமிலக் கழுவலுக்கு முன் இப்படிக் காற்று ஊதத் தேவையில்லை. அமிலம் அந்த வாயுவோடு சேராது. அலுமினியப் பாத்திரம் என்றால் காஸ்டிக்கே ஆகாது, உலோகத்தை அரித்துவிடும்.