நெஞ்சு வலி, படபடப்பு: எப்போது ஓட வேண்டும், எப்போது பொறுக்கலாம்

நெஞ்சு வலி என்று வருகிறவர்கள் நோயின் பெயரையும் அவர்களே சொல்லிவிடுவார்கள். “வாய்வுதான் சிஸ்டர், ஒரு ஊசி போட்டா சரியாயிடும்.” தாலுகா ஆஸ்பத்திரி கேஷுவாலிட்டியில் செவிலியராக இருந்த காலம் முழுக்க இதைக் கேட்டிருக்கிறேன். சிலருக்கு நிஜமாகவே வாய்வுதான். சிலருக்கு ஈசிஜியில் மாரடைப்பு தெரியும், வலி தொடங்கி மூன்று நான்கு மணி நேரமும் ஆகியிருக்கும். அதற்குள் சோடா, பெருங்காய மோர், முதுகில் தைலம் எல்லாம் முடிந்து, பக்கத்துத் தெருவில் சுளுக்கு எடுப்பவரையும் பார்த்துவிட்டு வந்திருப்பார்கள்.

இதய வலியை வலி என்றே பலர் சொல்லமாட்டார்கள். பாரமாக இருக்கிறது, இறுக்குகிறது, அடைக்கிறது என்பார்கள். எங்கே என்று கேட்டால் ஒரு விரலால் காட்டாமல் உள்ளங்கையையோ முஷ்டியையோ நடு நெஞ்சில் வைப்பார்கள். அங்கிருந்து அது தோள், இடது கை, சில நேரம் இரண்டு கைகள், கழுத்து, தாடை, முதுகு என்று பரவும். மேல் வயிற்றிலேயே நின்றுவிடுவதும் உண்டு, வாய்வு என்று ஏமாறுவது இங்கேதான். கூடவே குமட்டல், மூச்சு வாங்குதல், குளிர்ந்த வேர்வை. நான் அதிகம் பயப்படுவது வேர்வைக்குத்தான். ஃபேனுக்குக் கீழே உட்கார்ந்தும் சட்டை நனைகிறது என்றால் கேள்வி கேட்டுக்கொண்டிருக்க மாட்டேன், முதலில் ஈசிஜி.

பல வருஷமாகச் சுகர் உள்ளவர்களுக்கும் வயதானவர்களுக்கும் நெஞ்சு வலியே இல்லாமல் மாரடைப்பு வரலாம். பெண்களும் பல நேரம் வலியை விட்டுவிட்டு மற்றதைத்தான் சொல்வார்கள். “ஒரே அசதியா இருக்கு, படி ஏற முடியல, வயிறு ஒரு மாதிரி பண்ணுது” என்று அம்மா திடீரென்று சொன்னால், வேலை அதிகம் என்று நீங்களே முடிவுகட்டாதீர்கள்.

சரி, என்ன செய்வது? மேலே சொன்ன மாதிரி வலி பத்து நிமிஷத்தில் விடவில்லை என்றால் 108-ஐ அழையுங்கள். வேர்வை, மூச்சுத்திணறல், மயக்கம் சேர்ந்தால் அந்தப் பத்து நிமிஷமும் வேண்டாம். ஆளைச் சாய்த்து உட்கார வையுங்கள். மாடிப்படி இறக்கி நடத்தாதீர்கள். பைக்கில் இரண்டு பேர் நடுவே உட்கார வைத்துக் கொண்டுவருவதை எத்தனையோ முறை பார்த்திருக்கிறேன். வழியில் மயங்கினால் அந்த பைக்கில் என்ன செய்ய முடியும்? ஆம்புலன்ஸ் வரும்வரை ஆஸ்பிரின் 300 மி.கி. மென்று விழுங்கலாம். ஆனால் அதற்கு அலர்ஜி உள்ளவர்கள், ரத்தம் கசியும் வயிற்றுப்புண் உள்ளவர்கள், முன்பு மூளையில் ரத்தக்கசிவு வந்தவர்கள் தொடக்கூடாது. முதுகுவரை கிழிப்பது போன்ற வலி என்றாலும் வேண்டாம், அது வேறு ஆபத்தாக இருக்கலாம். 108-இல் பேசுபவரிடம் கேட்டுவிட்டுக் கொடுப்பது நல்லது. பக்கத்து வீட்டுத் தாத்தாவின் நெஞ்சு வலி மாத்திரையான சார்பிட்ரேட்டை வாங்கி நாக்குக்கடியில் வைக்காதீர்கள், பிரஷர் தடாலென்று இறங்கிவிடும். இருமிக்கொண்டே இருந்தால் மாரடைப்பு நிற்கும் என்று சுற்றும் வாட்ஸாப் செய்தியை அழித்துவிடுங்கள்.

ஏன் இந்த அவசரம்? இதயத்துக்கு ரத்தம் கொண்டுபோகும் குழாயில் ரத்தக்கட்டி அடைத்துக்கொள்கிறது, அந்தப் பக்கத்துத் தசை நிமிஷத்துக்கு நிமிஷம் சாகிறது. கட்டியைக் கரைக்கும் ஊசி முதல் சில மணி நேரத்தில்தான் நன்றாக வேலை செய்யும், 12 மணி நேரம் தாண்டினால் பெரிதாகப் பலன் இல்லை. அடைத்த குழாயை உள்ளேயிருந்தே திறக்கும் ஆஞ்சியோபிளாஸ்டிக்கும் சீக்கிரம் போவதுதான் கணக்கு. தமிழ்நாட்டில் ‘இதயம் காப்போம்’ திட்டத்தில் 2023 முதல் ஆரம்ப சுகாதார நிலையங்களிலேயே முதல் டோஸ் மாத்திரைகளைக் கொடுத்து மேலே அனுப்புகிறார்கள். பெரிய ஆஸ்பத்திரி தூரம் என்று காலைவரை காத்திருக்க வேண்டியதில்லை. முதலமைச்சர் காப்பீட்டு அட்டை இருந்தால் கையோடு எடுத்துக்கொள்ளுங்கள். தேடிக்கொண்டு நிற்காதீர்கள், பின்னால் ஒருவர் கொண்டுவரலாம்.

முதல் ஈசிஜி நார்மல் என்றதும் செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்புகிறவர்கள் உண்டு. மாரடைப்பின் ஆரம்பத்தில் ஈசிஜி சரியாகவே இருக்கலாம். அதனால்தான் மறுபடி எடுப்பதும், சில மணி நேரம் கழித்து இதயத் தசை பாதித்ததா என்று காட்டும் டிரோப்போனின் ரத்தப் பரிசோதனையும். டாக்டர் இருக்கச் சொன்னால் இருங்கள்.

நடக்கும்போது நெஞ்சு இறுகி, நின்றால் சில நிமிஷத்தில் விடுகிறதா? அதை ஒன்றிரண்டு நாளுக்குள் டாக்டரிடம் காட்டுங்கள். சும்மா இருக்கும்போதே வர ஆரம்பித்தாலோ, முன்பைவிட அடிக்கடி வந்தாலோ அன்றைக்கே போக வேண்டும்.

விரலால் தொட்டுக் காட்டக்கூடிய ஒரே இடத்தில், அழுத்தினாலோ திரும்பினாலோ கூடும் வலி பெரும்பாலும் தசையிலோ விலா எலும்பிலோதான். ஒரு பக்கமாக எரிந்து, இரண்டு மூன்று நாளில் கொப்புளம் வந்தால் அக்கி. ஆனால் ஆபரேஷனுக்குப் பிறகோ பல நாள் படுக்கையில் இருந்த பிறகோ, ஒரு கால் வீங்கி, திடீரென்று மூச்சு வாங்கி நெஞ்சு குத்தினால், நுரையீரலில் ரத்தக்கட்டியாக இருக்கலாம். அதற்கும் 108தான்.

படபடப்பு வேறு கதை. வருகிறவர்கள் பயந்துபோய் வருவார்கள், பலருக்குப் பெரிதாக ஒன்றும் இருக்காது. ஒரு துடிப்பு விட்டு அடுத்தது பலமாக அடிப்பது நல்ல இதயத்திலும் நடக்கும். காபி, தூக்கமின்மை, காய்ச்சல், ரத்தசோகை, தைராய்டு, ஆஸ்துமா இன்ஹேலர், மாதவிடாய் நிற்கும் வயது என்று காரணங்கள் நிறைய. வரும்போது நாடியைப் பாருங்கள். கட்டைவிரலை விட்டுவிட்டு, ஆள்காட்டி விரலையும் நடுவிரலையும் மணிக்கட்டில் கட்டைவிரல் பக்கமாக வைத்து முழு ஒரு நிமிஷம் எண்ணுங்கள். சும்மா இருக்கும்போது 60 முதல் 100 வரை இயல்பு. எண்ணிக்கையோடு, ஒழுங்காக ஓடுகிறதா, தாறுமாறாகவா, சுவிட்ச் போட்டது போலத் தொடங்கி நின்றதா என்பதையும் எழுதிவையுங்கள். டாக்டருக்கு இந்தத் துண்டுச் சீட்டு போதும், பாதி வேலை முடிந்தது. தாறுமாறான துடிப்பைத் தள்ளிப்போடாதீர்கள், அது பக்கவாதத்தில் கொண்டுவிடலாம். கர்ப்பிணிக்குப் படபடப்போடு படுத்தால் மூச்சு திணறினால் இதய வால்வில் கோளாறா என்று பார்த்தே ஆக வேண்டும். நெஞ்சு வலி, மயக்கம், மூச்சுத்திணறல் சேர்ந்தாலோ, ஓய்விலும் 120-க்கு மேலேயே நின்றாலோ, ஓடும்போது மயங்கினாலோ, குடும்பத்தில் சின்ன வயதில் திடீரென்று இறந்தவர் இருந்தாலோ பொறுக்காதீர்கள். முடிந்தால் படபடப்பு இருக்கும்போதே போய் ஈசிஜி எடுங்கள், நின்ற பிறகு எடுத்தால் அதில் ஒன்றும் தெரியாமல் போகலாம்.

அப்புறம், பழைய ஈசிஜியை எப்போதும் கொண்டுபோங்கள், புதியதோடு ஒப்பிட்டால்தான் மாற்றம் புரியும். அந்தத் தாள் நாளாக நாளாக மங்கிவிடும், எடுத்த அன்றே ஜெராக்ஸ் எடுத்து, செல்போனில் ஒரு படமும் வைத்துக்கொள்ளுங்கள். லேமினேட் மட்டும் செய்யாதீர்கள், சூட்டில் தாள் முழுக்கக் கறுத்துவிடும்.