கேலக்ஸிகளை எண்ணிக் கரும் ஆற்றலை அளப்பவர்கள் சறுக்கும் இடங்கள்

அரிசோனாவின் கிட் பீக் மலையில் 5,000 ஒளியிழைகள் வழியே கேலக்ஸிகளின் ஒளியைப் பிரித்துத் தொலைவை அளக்கும் டெசி (DESI) கருவியின் முதல் தரவுத் தொகுப்பு 2025 மார்ச்சில் எல்லோருக்கும் திறந்துவிடப்பட்டது. அதை இறக்கி, அண்டத்தின் விரிவை முடுக்கும் கரும் ஆற்றலுக்குக் கணக்குப் போடுகிறவர்கள் பெரும்பாலும் கோட்டைவிடுவது கடினமான சமன்பாடுகளில் அல்ல, ரேண்டம் பட்டியலில்.

கேலக்ஸிகள் எவ்வளவு கொத்தாக இருக்கின்றன என்று சொல்ல, கொத்தே இல்லாத செயற்கைப் புள்ளிகளோடு ஒப்பிட வேண்டும். இவைதான் ரேண்டம் பட்டியல். அந்தப் புள்ளிகளை வானம் முழுக்கச் சீராகத் தூவிவிட்டால் போச்சு. பிரகாசமான விண்மீன்களுக்காக மறைத்த இடங்கள் அண்ட வெற்றிடங்களாகிவிடும். பால்வெளித் தூசி அடர்ந்த திசையில் மங்கலான கேலக்ஸிகள் பட்டியலிலேயே ஏறாது. திருத்தாவிட்டால் தூசியின் வடிவம் பெரிய தொலைவுகளில் பொய்க் கொத்தாகத் தலைகாட்டும். எனவே புள்ளிகளுக்கும் அதே மறைப்பு, அதே செம்பெயர்ச்சிப் (விலகிப்போகும் கேலக்ஸியின் ஒளி சிவப்பை நோக்கி நகரும் அளவு) பரவல் வேண்டும். எண்ணிக்கை கேலக்ஸிகளைப் போல் 10 மடங்காவது இருக்கட்டும், 50 இருந்தால் நிம்மதி. விடுபட்ட கேலக்ஸிகளை ஈடுகட்டும் எடைகளைப் போட்டபின் கேலக்ஸி அடர்த்தியைத் தூசி, விண்மீன் நெருக்கம், படத்தின் கூர்மை ஆகிய ஒவ்வொன்றுக்கும் எதிராக வரைந்து பாருங்கள். கோடு சாய்ந்திருந்தால் மேலே போகாதீர்கள்.

அலகுக் குழப்பம் அற்பமாகத் தோன்றும், ஆனால் நாள்கணக்கில் அலைக்கழிக்கும். பாரியான் ஒலி அலைவின் மேடு, அதாவது இளம் அண்டத்தின் ஒலி அலைகள் கேலக்ஸி இடைவெளிகளில் விட்டுச்சென்ற தடம், ஏறத்தாழ 150 மெகாபார்செக்கில் (ஒரு மெகாபார்செக் சுமார் 32.6 லட்சம் ஒளியாண்டு) இருக்கிறது. அண்டம் விரியும் வேகத்தைச் சொல்லும் ஹபிள் மாறிலியை (நூறின் பங்காகச் சுமார் 0.7) வெளியே எடுத்த அலகில் அதுவே 105 ஆகிவிடும்.

செம்பெயர்ச்சி தொலைவை மட்டும் சொல்வதில்லை. வினாடிக்கு 300 கிலோமீட்டர் சொந்த ஓட்டம் அருகிலுள்ள ஒரு கேலக்ஸியைச் சுமார் 1.4 கோடி ஒளியாண்டு இடம்மாற்றிக் காட்டும். இதை இரைச்சல் என்று எல்லாத் திசையிலும் சராசரி எடுத்துக் கரைப்பது பெரிய நஷ்டம்: பார்வைக்கோட்டின் வழியே கொத்துகள் நசுங்கித் தெரியும் அந்தச் சப்பையில்தான் கட்டமைப்பு வளரும் வேகம் பதிந்திருக்கிறது.

கேலக்ஸிக் கொத்தையே கண்ணுக்குத் தெரியாத கரும்பொருளின் கொத்தாக எடுத்துக்கொள்வதும் அடிக்கடி நடக்கிறது. பிரகாசமான சிவப்புக் கேலக்ஸிகளின் சார்பு (bias), அதாவது பொருளைவிட எத்தனை மடங்கு கொத்தாக இருக்கின்றன என்பது, ஏறக்குறைய 2. இரண்டு கேலக்ஸிகள் ஒரு தொலைவில் சேர்ந்திருப்பது எவ்வளவு மிகுதி என்று சொல்லும் ஒப்புறவு அளவில் அது இரண்டின் வர்க்கமாக, 4 மடங்காக ஏறும். எவ்வளவு சார்பு, எவ்வளவு பொருள் என்று பிரிக்க ஈர்ப்பு வில்லை (ஈர்ப்பு ஒளியை வளைப்பது) அளவீடும் கூட வேண்டும்.

கடைசியாக, செய்தித் தலைப்புகள் செய்யும் தவறு. கரும் ஆற்றல் காலத்தோடு மாறுகிறது என்பதற்கு 2025-இல் சொல்லப்பட்ட 2.8 முதல் 4.2 சிக்மா (தற்செயலாக இருக்க வாய்ப்பு எவ்வளவு குறைவு என்பதன் அளவு) டெசி தனியாகத் தந்ததல்ல. பெருவெடிப்பின் எச்ச ஒளியான அண்ட நுண்ணலைப் பின்னணியோடும், வெடிக்கும் விண்மீன்களான சூப்பர்நோவாக்களோடும் சேர்த்தபோது வந்தது. எந்தச் சூப்பர்நோவாத் தொகுப்பைச் சேர்த்தார்கள் என்பதைப் பொறுத்தே இத்தனை இடைவெளி.