எல்லாத் தைல மரமும் ஒன்றல்ல: எலுமிச்சை யூகலிப்டஸில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

எங்கள் கடலூர்ப் பக்கம் யூகலிப்டஸ் எதுவாக இருந்தாலும் அதற்குத் 'தைல மரம்' என்றுதான் பெயர். செம்மண் காட்டில் காகித ஆலைக்காக வளர்ப்பதும் தைல மரம், ஊட்டியில் தைலம் காய்ச்சுவதும் தைல மரம், கசக்கினால் எலுமிச்சை மணக்கிறதே அதுவும் தைல மரம். ஆனால் மூன்றும் வெவ்வேறு இனங்கள். இந்த ஒற்றைப் பெயரால்தான் பாதித் தவறுகள் நடக்கின்றன.

எலுமிச்சை வாசமுள்ளது ஆஸ்திரேலியாவின் குவீன்ஸ்லாந்திலிருந்து வந்த இனம். யூகலிப்டஸ் சிட்ரியோடோரா என்று வெகுகாலம் அழைக்கப்பட்டது. 1995-இல் கோரிம்பியா என்ற தனிப் பேரினத்துக்கு மாற்றினார்கள். பழைய பெயரும் புழக்கத்தில் இருப்பதால், இரண்டும் வேறு வேறு மரம் என்று நினைத்துவிடாதீர்கள்.

நர்சரியில் 'தைலக் கன்று' என்று மட்டும் கேட்டு வாங்குவது முதல் தவறு. பெரும்பாலும் காகித ஆலை ரகம்தான் கைக்கு வரும். கன்றை அருகில் வைத்துப் பாருங்கள். எலுமிச்சை ரகத்தின் இளங்கன்றில் இலை சொரசொரவென்று மயிரோடு இருக்கும். காம்பு இலையின் ஓரத்தில் சேராமல், ஆமணக்கு இலையில் போலச் சற்று உள்ளே தள்ளி அடிப்பக்கத்தில் ஒட்டியிருக்கும். மரம் வளர்ந்தபின் இந்த அடையாளம் மறைந்து, இலை ஈட்டிபோல நீண்டு வழவழப்பாகிவிடும். அப்போது பட்டையைத் தடவிப் பார்க்கலாம். வெளிறிய, வழவழப்பான அடிமரம் சுண்ணாம்புபோலக் கையில் ஒட்டும். காய் சின்னக் கலயம் மாதிரி இருக்கும்.

அடுத்த தவறை நானே செய்திருக்கிறேன். மார்கழியில் சளி பிடித்திருந்தபோது, புதுச்சேரியில் வாங்கி வந்த எலுமிச்சை யூகலிப்டஸ் எண்ணெயைக் கொதிக்கிற வெந்நீரில் விட்டு ஆவி பிடித்தேன். கண் எரிந்து நீர் கொட்டியதே தவிர, மூக்கடைப்பு விடவில்லை. ஊட்டித் தைலத்தின் சரக்கு சினியோல். மூக்கில் குளிர்ச்சியாக ஏறுவது அதுதான். எலுமிச்சை ரகத்தில் அது மிகக் குறைவு. எண்ணெயில் பெரும்பங்கு சிட்ரோனெல்லால். சோப்புக்கும் வாசனைப் பொருள்களுக்கும் ஏற்றது அது. ஒன்றின் இடத்தில் மற்றொன்றை வைக்க முடியாது.

எந்தத் தைலமானாலும் கைக்குழந்தையின் மூக்கிலோ முகத்திலோ தடவவே கூடாது. பாட்டி காலத்திலிருந்து தடவுகிறோமே என்பார்கள், வேண்டாம். யூகலிப்டஸ் தைலம் ஒரு தேக்கரண்டி அளவு உள்ளே போனாலே சிறு பிள்ளைக்கு மயக்கம், வலிப்பு வரை போகலாம். குடித்துவிட்டால் வாந்தி எடுக்க வைக்காமல் நேரே ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடுங்கள்.

கொசு விஷயத்திலும் குழப்பம் உண்டு. வாசலில் ஒரு மரம் வைத்தால் கொசு வராது என்பது வெறும் நம்பிக்கை. இலை கசங்கினால்தானே வாசமே வெளிவரும்? கொசுவை விரட்டுவதாக நிரூபிக்கப்பட்டது, இந்த எண்ணெயைப் பக்குவப்படுத்திப் பெறும் பி.எம்.டி. என்ற பொருள். கடையில் வாசனைக்காக விற்கும் எண்ணெய் அதற்குச் சமமில்லை. பி.எம்.டி. கலந்த பூச்சையும் 3 வயதுக்குக் குறைந்த பிள்ளைகளுக்குப் போடக்கூடாது என்பது அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையத்தின் அறிவுரை.

வீட்டை ஒட்டி நடுவதை நினைத்தாலே எனக்குப் பயம். 2011 டிசம்பர் 30 அன்று தானே புயல் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் நடுவே கரையேறியதை எங்கள் ஊர்க்காரர் யாரும் மறக்க மாட்டார்கள். பலாவும் முந்திரியும் வேரோடு சாய்ந்து கிடந்த தோப்புகளைப் பார்த்தவர்கள், 25 மீட்டருக்கு மேல் வளரும் மரத்தைக் கூரை ஓரம் வைக்கலாமா? கிணற்றடியிலும் முந்திரி வரிசைக்கு நடுவிலும் வேண்டாம். வேர் தண்ணீருக்குப் போட்டி போடும். தண்ணீர் நிற்கும் களிமண்ணும் ஆகாது.

எண்ணெய்க்கு ஆசைப்பட்டு இலையைத் திறந்த அண்டாவில் வேகவைப்பார்கள். ஆவியோடு எண்ணெயும் போய்விடும். மூடிய பாத்திரத்தில் ஆவி விட்டு, அந்த ஆவியைக் குழாய் வழியே குளிரவைத்தால்தான் தண்ணீருக்கு மேலே எண்ணெய் மிதக்கும். 100 கிலோ இலைக்கு ஒரு கிலோவுக்கு முன்பின்னாகத்தான் கிடைக்கும். இலையை வெயிலில் காயப்போட்டால் அதுவும் குறையும்.

இலைக்காக வளர்ப்பவர்கள் மரத்தை உயரவிடுவதும் தவறுதான். ஏணி போட்டு யார் பறிப்பது? கைக்கு எட்டும் உயரத்தில் வெட்டிவிடுங்கள். அடிமரத்திலிருந்து கொத்தாகத் துளிர்க்கும். நின்ற இடத்திலேயே அறுத்துக்கொள்ளலாம்.