தாவர நார் காம்போசிட்டுக்கு ஃபட்டீக் சோதனை: எத்தனை சுழற்சியில் உடைந்தது என்பது மட்டும் போதாது

கண்ணாடி நாரில் பழகிய கையோடு ஆளிநார் (ஃபிளாக்ஸ் செடியின் நார்) எப்பாக்சித் துண்டை, திரும்பத் திரும்பச் சுமை ஏற்றி இறக்கும் ஃபட்டீக் மெஷினில் மாட்டினால் எண்கள் வரும். அந்த எண்களை வைத்து என்ன சொல்வது என்பதில்தான் சிக்கல். தாவர நார்க் காம்போசிட்டுகளை, அதாவது ரெசின் என்ற பிசினில் நாரைப் பதித்துச் செய்த தகடுகளை, இழுவை-இழுவைச் சோதனையில் (அழுத்தாமல், இழுவையை மட்டும் கூட்டிக் குறைப்பது) ஓட்டுவதுதான் என் அன்றாட வேலை. ஏஎஸ்டிஎம் டி3479, ஐஎஸ்ஓ 13003 ஆகிய தரநிலைகள் பொதுவான வழியைச் சொல்லிவிடுகின்றன. தாவர நாருக்கென்று கூடுதலாகக் கவனிக்க வேண்டியதை மட்டும் எழுதுகிறேன்.

முதலில் ஈரம். சாதாரண அறையில் கிடக்கும் ஆளிநார்த் துணி தன் எடையில் ஏழெட்டு சதவீதம் நீரை வைத்திருக்கும். 105 டிகிரி செல்சியஸ் அடுப்பில் சில மணி நேரம் உலர்த்தி, எடை குறைவது நின்றதும் உடனே ரெசின் ஏற்றுங்கள். இல்லையென்றால் அந்த நீர் க்யூரிங்கின்போது (ரெசின் இறுகும்போது) ஆவியாகிக் குமிழியாக உள்ளேயே தங்கிவிடும்; விரிசல் அங்கிருந்துதான் கிளம்பும்.

நார் விகிதத்தைக் கண்டுபிடிக்கக் கண்ணாடி நார்த் தகட்டை எரித்துப் பார்ப்பார்கள். இங்கே அது நடக்காது, ரெசினோடு நாரும் எரிந்துவிடும். எடைக் கணக்குதான் வழி. உலர்ந்த துணி 150 கிராம், முடிந்த தகடு 265 கிராம் என்று வையுங்கள். நாரின் அடர்த்தி 1.5 என்றால் நார் 100 கன சென்டிமீட்டர். மீதி 115 கிராம் ரெசின், அடர்த்தி 1.15 என்றால் அதுவும் 100. அளந்து பார்த்த தகட்டின் கனஅளவு 206 என்று வந்தால், நார் 48.5 சதவீதம், வெற்றிடம் கிட்டத்தட்ட 3 சதவீதம். அடர்த்தியைப் புத்தகத்திலிருந்து எடுக்காமல் உங்கள் நாருக்கே அளந்து போடுங்கள்.

வெட்டிய ஓரங்களில் நார்முனைகள் திறந்திருக்கும். நீர் உள்ளே போக அதுவே வாசல். உப்புத்தாளால் தேய்த்து, உலர்த்தி, மெல்லிய எப்பாக்சிப் பூச்சு கொடுங்கள். பிறகு 23 டிகிரி, 50 சதவீத ஈரப்பதத்தில் எடை மாறாத நிலை வரும்வரை வையுங்கள். வாரக்கணக்கில் ஆகலாம். இதில் அவசரப்படாதீர்கள்.

துண்டின் முனைகளைப் பிடிக்கும் கிரிப்பின் அழுத்தத்திலும் கவனம் வேண்டும். ஆளிநாரின் நடுவில் ஒரு வெற்றுக்குழல் உண்டு, குறுக்கே அழுத்தினால் நசுங்கும். பிடிக்கும் இடங்களில் கண்ணாடி நார்த் தகட்டுப் பட்டைகளை (tab) ஒட்டி, துண்டு வழுக்காத அளவுக்கு மட்டும் அழுத்துங்கள். கிரிப்புக்குள் உடைந்த துண்டைக் கணக்கில் சேர்க்க வேண்டாம்.

அப்புறம், ஃபட்டீக் சுமையை வலிமையின் சதவீதமாகச் சொல்லும்போது எதை 100 சதவீதம் என்று கொள்வது? மெதுவாக இழுத்துப் பார்க்கும் சோதனையில் துண்டு உடைய ஒரு நிமிடமாவது ஆகும். 5 ஹெர்ட்ஸில் கீழிருந்து உச்சத்துக்குப் போக 0.1 நொடிதான். ரெசினும் நாரும் வேகமாக இழுத்தால் கூடுதல் வலிமை காட்டும். அதனால் ஃபட்டீக் வேகத்திலேயே சில துண்டுகளை இழுத்து உடைத்து, அந்த வலிமையை அடிப்படையாகக் கொள்ளுங்கள். ஆரம்ப விறைப்பு விஷயத்திலும் ஒரு சிக்கல் உண்டு. ஆளிநாரின் தகைவு (பரப்பளவுக்கான விசை)-திரிபு (நீள்வதன் விகிதம்) வளைகோடு 0.2 சதவீதத் திரிபை ஒட்டி முழங்கால்போல் மடங்கும். ஐஎஸ்ஓ 527 சொல்லும் 0.05 முதல் 0.25 வரையிலான இடைவெளி அந்த மடிப்பின் மேலேயே விழுகிறது. நான் 0.1 சதவீதத்துக்குக் கீழேதான் சாய்வை எடுப்பேன்.

சரி, இப்போது ஓட்டலாம். ஆர் விகிதம் (குறைந்த தகைவை உச்சத் தகைவால் வகுத்தது) 0.1, சைன் அலை, 5 ஹெர்ட்ஸ். துண்டின் நடுவில் ஒரு தெர்மோகப்பிள் (வெப்பநிலை உணரி) ஒட்டுங்கள். 10 டிகிரிக்கு மேல் சூடேறினால் அதிர்வெண்ணைக் குறைத்துவிடுங்கள். 10 லட்சம் சுழற்சிக்கு 55 மணி நேரத்துக்கு மேல் ஆகும், அதற்குள் அறையின் ஈரப்பதம் எத்தனையோ முறை மாறும். கட்டுப்படுத்தும் அறை இல்லையென்றால், துண்டைச் சுற்றி பாலித்தீன் உறை கட்டி, உள்ளே மெக்னீசியம் நைட்ரேட்டின் நிறைசெறிவுக் கரைசலை ஒரு சிறு கிண்ணத்தில் வையுங்கள். ஈரப்பதம் 53 சதவீதத்தை ஒட்டி நிற்கும்.

என்னைக் கேட்டால், இந்த வேலையின் உயிர்நாடி ஹிஸ்டெரிசிஸ் வளையம்தான், அதாவது ஒரு சுழற்சியில் ஏறும்போதும் இறங்கும்போதும் தகைவு-திரிபுக் கோடு போடும் வளையம். ஒரு வளையத்துக்கு நூறு புள்ளிகளாவது பதியுங்கள். அதிலிருந்து மூன்றைத் தனித்தனியாக எடுக்க வேண்டும்: வளையத்தின் சாய்வு, அதன் பரப்பு, அது வலப்பக்கம் எவ்வளவு நகர்ந்திருக்கிறது என்பது. ஒரே திசையில் அடுக்கிய ஆளிநாரில், சுழற்சி ஏற ஏற வளையம் நகர்ந்துகொண்டே போகும். சாய்வோ இறங்காமல் நிற்கும், சில சமயம் லேசாக ஏறவும் செய்யும். நாருக்குள் அச்சிலிருந்து சுமார் 10 டிகிரி சாய்ந்திருக்கும் செல்லுலோஸ் நுண்ணிழைகள் இழுவையில் நேராகத் திரும்புவதைத்தான் இதற்கு விளக்கமாகச் சொல்கிறார்கள். ஆரம்பப் பூஜ்யத்திலிருந்து உச்சிக்குக் கோடு போட்டு விறைப்பைக் கணக்கிட்டால், இந்த நகர்வும் சேர்ந்துகொண்டு விறைப்பு விழுவதுபோலவே காட்டும். நல்ல துண்டைச் சேதமடைந்தது என்று எழுதிவிடுவோம். வளையத்தின் அடிமுனையையும் மேல்முனையையும் இணைத்துச் சாய்வு எடுங்கள். விறைப்பு இத்தனை சதவீதம் குறைந்தால் தோல்வி என்ற விதியையும் அப்படியே இங்கே கொண்டுவராதீர்கள். நிரந்தரத் திரிபைத் தனி வரைபடமாகப் போடுவது நல்லது.

எஸ்-என் வரைபடத்தில் (எந்தத் தகைவில் எத்தனை சுழற்சி தாங்கியது என்பது) ஆளிநாரின் கோடு கண்ணாடி நாரைவிட மெதுவாக இறங்குவது வழக்கம். வலிமையின் சதவீதத்தை மட்டும் அச்சில் போட்டால், ஆளிநார் கண்ணாடி நாரை மிஞ்சிவிட்டதுபோலத் தெரியும். மெகாபாஸ்கலில் பார்த்தால் கண்ணாடி நார் பெரும்பாலும் மேலேதான் நிற்கும். இரண்டு வரைபடங்களையும் போடுங்கள், படிப்பவருக்கு அது நாம் தரவேண்டிய நியாயம். 10 லட்சத்தைத் தாண்டியும் உடையாத துண்டுகளுக்கு அம்புக்குறி போட்டு, உடைந்தவற்றோடு சேர்த்துக் கோடு பொருத்தாமல் விடுங்கள். அவற்றை இறக்கிய கையோடு தூக்கிப் போடவும் வேண்டாம். அதே வேகத்தில் இழுத்து உடைத்து, மிச்ச வலிமையையும் அட்டவணையில் சேருங்கள்.