சிக்குக் கோலம்: படம் பார்க்காமல் இழை பிடித்துப் போடுவது எப்படி?

சிக்குக் கோலத்தைப் படம் பார்த்து மனப்பாடம் செய்தால், நடுவில் கை நின்றதும் அடுத்து எந்தப் பக்கம் திரும்புவதென்று தெரியாமல் போகும். இழை ஓடுவதற்கு ஒரு விதி இருக்கிறது. அது பிடிபட்டால் கோல நோட்டே தேவையில்லை.

நேர்ப்புள்ளியில், அதாவது எல்லா வரிசையிலும் புள்ளிகள் ஒன்றுக்கு நேர் கீழே ஒன்றாக இருக்கும் அமைப்பில் தொடங்குங்கள். அடுத்தடுத்த இரண்டு புள்ளிகளின் நடுவில் இழை சாய்வாகக் கடக்கும். பிறகு எதிர்ச் சாய்வில் இன்னொரு முறை அதே இடத்துக்கு வந்து கடக்கும். அங்கே ஒரு பெருக்கல் குறி விழும். ஓரப் புள்ளிக்கு வெளியே வந்தால் அதைச் சுற்றி வளைந்து உள்ளே திரும்பும். இழை புள்ளியைத் தொடக்கூடாது, எங்கேயும் முனை விட்டு நிற்கவும் கூடாது. அவ்வளவுதான்.

முதலில் சிலேட்டில் 3 வரிசை, வரிசைக்கு 4 புள்ளி வையுங்கள். மேல் இடது மூலைப் புள்ளியின் வலப்பக்க நடுவில் தொடங்கி, அதன் தலைக்கு மேலாக இடப்பக்கம் சுற்றி, அடியில் உள்ளே வாருங்கள். அங்கிருந்து வலது கீழ்ச் சாய்வு: இரண்டாம் வரிசையின் 1, 2 புள்ளிகளுக்கு நடுவே கடந்து, அந்த வரிசையின் இரண்டாம் புள்ளிக்குக் கீழே புகுந்து, கடைசி வரிசையின் 2, 3 புள்ளிகளுக்கு நடுவே வெளியே வந்துவிடும். மூன்றாம் புள்ளியின் அடியைச் சுற்றி மேலே ஏறுங்கள். இப்படியே போனால் 12 புள்ளிகளையும் வளைத்துக்கொண்டு தொடங்கிய இடத்துக்கே வந்து சேரும். மொத்தம் 17 பெருக்கல் குறிகள் இருக்க வேண்டும். ஏதாவது ஒரு நடுவில் ஒற்றைக் கோடுதான் இருக்கிறதென்றால், வழியில் எங்கோ சாய வேண்டிய இடத்தில் வளைந்திருக்கிறீர்கள்.

இதையே 4 புள்ளி 4 வரிசையில் செய்தால் ஒரே இழையாக வராது, நான்கு தனித்தனி இழைகள் கிடைக்கும். உங்கள் கை செய்த பிழை இல்லை அது. வரிசையின் எண்ணிக்கைக்கும் வரிசைக்குரிய புள்ளிக்கும் மீப்பெரு பொதுக் காரணி எதுவோ, அத்தனை இழைகள் வரும். 3க்கும் 4க்கும் அது 1. 4க்கும் 6க்கும் 2. (ஒரு வரிசையின் புள்ளிகள் அடுத்த வரிசையின் இடைவெளிக்கு நேராக வரும் இடுக்குப் புள்ளிக்கு இந்தக் கணக்கு செல்லாது.) கோலத்துக்குள் இருக்கும் இத்தகைய ஒழுங்கைத்தான் சென்னைக் கிறிஸ்தவக் கல்லூரியில் பேராசிரியர் கிஃப்ட் சிரோமணியும் உடன் பணியாற்றியவர்களும் 1970களில் கணினி இலக்கணமாக, அதாவது வடிவத்தை உருவாக்கும் விதிகளின் தொகுப்பாக ஆராய்ந்தார்கள். வாசலில் தினமும் குனிந்து போடுகிறவர்களின் கையில் எவ்வளவு அறிவு இருக்கிறது!

தனி இழைகளை ஒன்றாக்கவும் வழி உண்டு. இரண்டு வெவ்வேறு இழைகள் வெட்டும் ஓர் இடத்தில் பெருக்கல் குறி போடாமல், இரண்டையும் முதுகு காட்டி வளைத்துவிடுங்கள், இரண்டும் சேர்ந்துவிடும். 2 புள்ளி 2 வரிசையில் சோதித்துப் பாருங்கள், ஒரே இடத்தை மாற்றினால் போதும். ஆனால் ஏற்கெனவே ஒன்றாகிவிட்ட இழையில் இன்னோர் இடத்தை மாற்றினால் மறுபடி பிரிந்துபோகலாம். அதனால் ஒவ்வொரு மாற்றத்துக்குப் பிறகும் விரலால் இழையைத் தொடர்ந்து பாருங்கள்.

இனி வாசல். கடையில் விற்கும் கல்மாவு கையில் சுலபமாக ஓடும். பச்சரிசி மாவு எறும்புக்கும் குருவிக்கும் ஆகும். அரிசி மாவை இடியாப்பத்துக்குப் போல நைஸாக அரைக்கக் கூடாது. மெல்லிய ரவை போல நறநறவென்று இருந்தால்தான் விரலிலிருந்து சீராக விழும். நைஸ் மாவு விரலில் ஒட்டிக் கட்டிகட்டியாக விழும்.

தண்ணீர் தெளித்துப் பெருக்கியதும் உடனே உட்காராதீர்கள். தேங்கிய நீர் வற்றி, தரை ஈரமாக மட்டும் இருக்க வேண்டும். ஈரம் கூடினால் மாவு கரைந்து கோடு பரவும், காய்ந்துவிட்டால் காற்று அள்ளிக்கொண்டு போகும். டைல்ஸ் தரையை ஈரத்துணியால் துடைத்த கையோடு போடுங்கள்.

புள்ளிகளுக்கு நடுவே நான்கு விரற்கடை இடைவெளி விடுங்கள். நெருக்கி வைத்தால் வளைவு புள்ளியில் இடிக்கும். கொட்டாங்குச்சியில் மாவை இடக்கையில் வைத்துக்கொண்டு, கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே எடுத்து, கட்டைவிரலை மெல்ல உருட்டி விடுங்கள். விரல் தரையிலிருந்து ஓர் அங்குல உயரத்தில் இருக்கட்டும். கை மணிக்கட்டிலிருந்து அசைந்தால் வளைவு கோணும். முழங்கையிலிருந்து அசைய வேண்டும். மாவு தீரும் தறுவாயில் வளைவுக்குள் நுழையாதீர்கள். நேராக ஓடும் இடத்தில் நிறுத்தி, அடுத்த சிட்டிகையை அரை விரற்கடை பின்னாலிருந்து தொடங்கினால் ஒட்டுத் தெரியாது.

பார்வை விரலில் இருக்கக் கூடாது, இழை அடுத்துக் கடக்கப்போகும் நடுவில் இருக்க வேண்டும். இதுதான் பழக நாளாகும். பேச்சுக் கொடுத்தாலோ வேறு யோசனை வந்தாலோ ஒரு சாய்வு தவறும். அதுவரை போட்டதைக் காலால் தேய்த்தால் வெள்ளைப் படலம்தான் மிஞ்சும். தவறிய கோட்டை மட்டும் ஈரத்துணியால் ஒற்றி எடுத்துவிட்டு, அதற்கு முந்தைய நடுவிலிருந்து தொடருங்கள்.

இடுப்புவலி உள்ளவர்கள் குனிய வேண்டாம், மணைமேல் உட்கார்ந்து பெரிய கோலத்தைப் பாதி பாதியாகப் போடலாம். 3-4 கைவந்த பிறகு 4 வரிசை 5 புள்ளிக்குப் போங்கள். அதுவும் ஒரே இழைதான், 31 இடங்களில் வெட்டும்.