தேம்ஸ் ஆற்றில் பேடில் போர்டு: முதல்முறை இறங்குபவர்களுக்கு

லண்டனுக்குத் தென்மேற்கே மோல்சி லாக்கிலிருந்து (லாக் என்பது படகுகளை ஏற்றி இறக்கும் மதகு) டெடிங்டன் லாக் வரை தேம்ஸ் ஏறக்குறைய ஏழரைக் கிலோமீட்டர் ஓடுகிறது. கடலின் ஏற்ற இறக்கம் டெடிங்டனுக்குக் கீழேதான். மேலே இந்தத் துண்டில் நீர் ஒரே திசையில் போகும், மழையில்லாத கோடை நாட்களில் மெதுவாகவும் போகும். பேடில் போர்டில், அதாவது துடுப்புப் பலகையில், நின்றபடி துடுப்புப் போடப் பழக, கிங்ஸ்டன் பக்கம் இருப்பவர்களுக்கு இதைவிட நல்ல இடம் அருகில் இல்லை. நீச்சல் தெரியும், காற்றடிக்கும் வகைப் பலகை ஒன்று கையில் இருக்கிறது என்று வைத்துக்கொண்டு எழுதுகிறேன். தனியாகப் போகவேண்டாம்.

முதலில் அனுமதி. தேம்ஸின் இந்தப் பகுதியில் துடுப்புப் பலகைக்கும் உரிமம் வேண்டும். துடுப்புப் போடுபவர்களின் சங்கமான பேடில் யூகேயின் உறுப்பினர் அட்டை எடுத்தால் அந்த உரிமமும் அதிலேயே அடங்கிவிடும், காப்பீடும் சேர்ந்து வரும். ஆண்டுக்கு இரண்டு மூன்று முறைக்குமேல் போவதாக இருந்தால் அதுவே லாபம்.

கிளம்பும் முன்

லாக்குகளில் நீரோட்ட எச்சரிக்கை வைத்திருப்பார்கள், சுற்றுச்சூழல் முகமையின் இணையப் பக்கத்திலும் அதையே பார்க்கலாம். சிவப்பு என்றால் ஓட்டம் பலமாக இருக்கிறது என்று பொருள். மஞ்சளில் இரண்டு வகை உண்டு: ஓட்டம் கூடுகிறது, ஓட்டம் குறைகிறது. ‘குறைகிறது’ என்பதைப் பார்த்துவிட்டுச் சிலர் இறங்கிவிடுகிறார்கள். புதியவர்களுக்கு மஞ்சளிலும் ஆறு கிடையாது. எந்த எச்சரிக்கையும் இல்லாத நாளில் மட்டும் போங்கள்.

கரைக்குப் போனதும் ஒரு குச்சியை நீரில் போட்டுப் பாருங்கள். பத்து மீட்டர் தூரத்தை அது இருபது வினாடியில் கடந்தால் ஓட்டம் மணிக்கு 1.8 கிலோமீட்டர். புதியவர் துடுப்புப் போடும் வேகம் மணிக்கு நான்கு கிலோமீட்டரை ஒட்டித்தான் இருக்கும், அதிலும் பாதியை ஆறு தின்றுவிடும். பத்து வினாடியில் கடந்தால் அன்றைக்கு வேண்டாம். காற்றையும் பாருங்கள். நிற்கும் உடம்பு முழுக்கக் காற்றுக்குப் பாய்மரம்தான்.

காற்றடிப்பது

புதியவர்களுக்கு 10 அடி 6 அங்குல நீளம், 32 அல்லது 33 அங்குல அகலம், 6 அங்குலத் தடிமன் உள்ள பலகை போதும். அதைவிட ஒடுக்கமானது வேகமாகப் போகும், ஆனால் முதல் மாதம் முழுக்க நீங்கள் நீரில்தான் இருப்பீர்கள்.

வால்வு மூடியைத் திறந்தால் நடுவில் ஒரு ஊசி தெரியும். அதை அழுத்தித் திருப்பினால் ஒரு நிலையில் மேலே எழும்பி நிற்கும், இன்னொரு நிலையில் உள்ளே அமுங்கி நிற்கும். காற்றடிக்கும்போது ஊசி மேலே இருக்கவேண்டும். அமுங்கியிருந்தாலும் காற்று ஏறும், பம்ப் எதையும் காட்டிக்கொடுக்காது. முழுக்க அடித்து முடித்துக் குழாயைக் கழற்றிய நொடியில் அத்தனை காற்றும் சீறிக்கொண்டு வெளியே வந்துவிடும். ஆகவே குழாயை மாட்டும் முன் விரலால் ஊசியை ஒருமுறை அழுத்தி விடுங்கள். தானாக மேலே வந்தால் சரி.

அடுத்த குழப்பம் அளவுமானி. முதல் சில நிமிடங்களுக்கு முள் அசையவே அசையாது. மானி கெட்டுவிட்டது என்று நினைக்கவேண்டாம். பலகை வடிவம் பிடித்த பிறகுதான் அழுத்தம் ஏறத் தொடங்கும். ஏழெட்டு பிஎஸ்ஐ (காற்றழுத்த அலகு) வந்ததும் கைப்பம்ப் கனக்கும். அப்போது பம்பை ஒருவழிக்கு மாற்றி, கீழே அழுத்தும்போது மட்டும் காற்று போகும்படி வையுங்கள். பலகையில் குறித்திருக்கும் அளவுக்கு, பெரும்பாலும் 15 பிஎஸ்ஐ, அடியுங்கள். பத்திலேயே நிறுத்தினால் நீங்கள் ஏறியதும் பலகை நடுவில் தொய்யும், தள்ளாடும். கால் நடுங்குகிறது என்று பலர் சொல்வதற்குப் பாதிக் காரணம் இதுதான். காரில் செருகும் 12 வோல்ட் மின்பம்ப் வாங்கிக்கொள்வதே என் பரிந்துரை. கைப்பம்பில் களைத்த கையோடு ஆற்றில் இறங்குவது நல்லதல்ல.

லீஷ்: இதை மட்டும் இரண்டு முறை படியுங்கள்

லீஷ் என்பது பலகையை உங்களோடு இணைக்கும் கயிறு. பலகையோடு வருவது பெரும்பாலும் கணுக்காலில் கட்டுவது. அது அலைக்கடலுக்கானது. ஆற்றில் அதைக் கட்டாதீர்கள்.

காரணம் எளிது. ஆற்றில் நீர் ஓடும், தடைகள் ஓடா: பாலத் தூண், நங்கூரமிட்ட படகு, விழுந்து கிடக்கும் மரம். நீங்கள் விழும்போது பலகை தூணுக்கு ஒரு பக்கமும் நீங்கள் மறுபக்கமும் போனால் லீஷ் தூணில் மாட்டிக்கொள்ளும். ஓட்டம் உங்களைக் கீழ்நோக்கித் தள்ளும், கால் பின்னால் இழுபடும், தலை நீருக்குள் போகும். அந்த விசைக்கு எதிராக உடம்பை வளைத்துக் கணுக்காலைத் தொட யாராலும் முடியாது.

ஆற்றுக்கு வேண்டியது இடுப்புப் பட்டையில் கட்டும், இழுத்தால் சட்டென்று விடுபடும் லீஷ். பட்டையின் முன்பக்கம் ஒரு பந்தோ குமிழோ இருக்கும். அதை இழுத்தால் பட்டையே அவிழ்ந்து பலகையோடு போய்விடும். வாங்கினால் மட்டும் போதாது, கட்டும்போது மூன்று இடங்களில் தவறு நடக்கிறது:

1. மிதவைச் சட்டைக்கு அடியில் பட்டையைக் கட்டுவது. குமிழ் மறைந்துவிடும். முதலில் சட்டை, அதன்மேல் பட்டை.
2. தொங்கும் பட்டை முனையை முடிச்சுப் போடுவது, அல்லது வளையத்தில் இரண்டாம் முறை கோத்துவிடுவது. குமிழை இழுத்தாலும் அவிழாது.
3. தளர்வாகக் கட்டுவது. பட்டை சுழன்று குமிழ் முதுகுப் பக்கம் போய்விடும்.

வீட்டுத் தோட்டத்திலேயே சோதியுங்கள். வேறொருவர் லீஷைப் பின்னாலிருந்து பலமாக இழுக்கட்டும். கண்ணை மூடிக்கொண்டு வலக்கையால் ஒருமுறை, இடக்கையால் ஒருமுறை விடுவியுங்கள். இரண்டு முறையும் பட்டை முழுதாகக் கழன்று விழவேண்டும். லீஷ் சுருள் வகையாக இருக்கட்டும். நேர்க்கயிறு நீரில் இழுபட்டுப் பாசியிலும் கிளையிலும் சிக்கும்.

மிதவைச் சட்டை 50 நியூட்டன் மிதப்பு விசை உள்ள வகையாக இருக்கட்டும். இடுப்பில் கட்டி, விழுந்த பிறகு இழுத்து ஊதவைக்கும் பை வேண்டாம். திடீரென்று குளிர்ந்த நீரில் விழும்போது மூச்சு திணறும், அந்த நேரத்தில் எதையும் தேடி இழுக்க வராது.

தடுப்பணை

மோல்சியிலும் டெடிங்டனிலும் லாக்கை ஒட்டித் தடுப்பணை உண்டு, அறிவிப்புகளில் ‘வியர்’ என்றிருக்கும். மேலிருந்து பார்த்தால் நீர் வழுவழுவென்று அமைதியாகத் தெரியும், விளிம்பு கண்ணில் படாது. கீழே விழும் நீர் உருண்டு திரும்பி அணைப் பக்கமே இழுக்கும், சிக்கியவர் வெளியே வருவது கடினம். ஊரில் தடுப்பணைக்குக் கீழே குளிக்க விடமாட்டார்கள், அதற்கும் காரணம் இதே சுழல்தான். 2021 அக்டோபர் 30 அன்று வேல்ஸின் ஹேவர்ஃபோர்ட்வெஸ்ட் நகரில், மழையால் பெருகியிருந்த கிளெடாவ் ஆற்றின் தடுப்பணையில் துடுப்புப் பலகைக் குழு ஒன்று சிக்கியதில் நான்கு பேர் இறந்தார்கள்.

கிங்ஸ்டனில் இறங்குபவர்களுக்கு டெடிங்டன் கீழ்ப்பக்கம் இருக்கிறது. ஆகவே முதலில் ஓட்டத்துக்கு எதிராக, ஹாம்ப்டன் கோர்ட் பக்கமாகப் போங்கள். களைத்ததும் திரும்பினால் ஆறே கொண்டுவந்து விடும். ஹாம்ப்டன் கோர்ட் பாலத்தைத் தாண்டவேண்டாம், அதற்கு மேலே மோல்சி அணை.

நீரில்

துடுப்பின் நீளம் உங்கள் உயரத்தைவிட 20 முதல் 25 சென்டிமீட்டர் கூடுதலாக இருக்கட்டும். தகட்டின் வளைவு உங்களை நோக்கி அல்ல, முன்பக்கம் சாய்ந்திருக்கவேண்டும். பார்க்கத் தலைகீழாகப் பிடித்ததுபோல் இருக்கும், அதுதான் சரி. அலுமினியத் தண்டு கனம். பணம் செலவழிக்க ஒரே ஒரு பொருளைத் தேர்ந்தெடுப்பதென்றால் கண்ணாடியிழைத் துடுப்பு வாங்குங்கள். கார்பன் தேவையில்லை.

முழங்கால் ஆழம் வந்தபின் பலகையில் ஏறுங்கள், இல்லாவிட்டால் அடியிலுள்ள ஃபின் (துடுப்பு மீன் செதில்போன்ற தகடு) தரையில் இடிக்கும். பலகையின் மூக்கு, அதாவது முன்முனை, ஓட்டத்துக்கு எதிராக இருக்கட்டும். நடுவிலுள்ள பிடிக்கு இருபுறமும் முழங்காலிட்டுப் பத்து நிமிடம் அப்படியே ஓட்டுங்கள். பிறகு ஒவ்வொரு பாதமாக, முழங்கால் இருந்த இடத்திலேயே வைத்து எழுந்திருங்கள். எழுந்த உடனே துடுப்பை நீரில் போடுங்கள். துடுப்பைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு சும்மா நிற்பவர்கள்தான் அதிகம் விழுகிறார்கள். பார்வை பாதத்தில் இருக்கக்கூடாது, தூரத்தில் இருக்கட்டும்.

தகடு முழுக்க நீரில் மூழ்கியபிறகு இழுங்கள், கணுக்கால் வந்ததும் வெளியே எடுத்துவிடுங்கள். அதற்குப் பின்னும் இழுத்தால் பலகை மறுபக்கம் திரும்பும்.

விழும்போது பலகையைவிட்டு விலகி, தட்டையாக விழுங்கள். முதலில் மல்லாந்து மிதந்து மூச்சு சீராகட்டும். பிறகு பக்கவாட்டில் வந்து நடுப்பிடியைப் பற்றி, கால்களை நீர்மட்டத்துக்கு உதைத்து உயர்த்தி, வயிற்றால் சறுக்கி ஏறுங்கள். கால் பலகைக்கு அடியில் போனபடி இழுத்தால் ஏறவே முடியாது. துடுப்பு விலகிப் போயிருந்தால் முதலில் பலகையில் ஏறுங்கள், படுத்தபடி கையால் துழாவிப் போய் எடுக்கலாம்.

ஆற்றில் நீங்கள் போகும் திசைக்கு வலப்பக்கமுள்ள கரையை ஒட்டிப் போவதே விதி. பந்தயப் படகோட்டிகள் முதுகைக் காட்டிக்கொண்டு வருவார்கள், உங்களைப் பார்க்கவில்லை என்றே வைத்துக்கொண்டு ஒதுங்குங்கள். கட்டிவைத்த படகுகளுக்கு ஓட்டம் வந்து மோதும் முனைப் பக்கம் போகாதீர்கள், நீர் அதன் அடியில் இழுக்கும்.

கரை சேரும்போது மூக்கை மறுபடி ஓட்டத்துக்கு எதிராகத் திருப்பிய பின் ஒதுங்குங்கள். கீழ்நோக்கியபடி மூக்கைக் கரையில் முட்டினால் வால் சுழன்று உங்களைத் தள்ளிவிடும்.

பின்சேர்க்கை

‘இடப்பக்கம் மட்டும் திரும்பிக்கொண்டே இருக்கிறது’ என்று சிலர் கேட்டிருக்கிறார்கள். முதலில் ஃபினைப் பாருங்கள். வளைந்த முனை பின்பக்கம் பார்த்திருக்கவேண்டும். சுருட்டி வைத்ததில் பக்கத்து ஃபின்கள் மடங்கியிருந்தால் வெந்நீரில் சற்று நேரம் வைத்து நிமிர்த்தலாம்.

இன்னொரு கேள்வி வெயில் பற்றியது. 15 பிஎஸ்ஐ அடித்த பலகையைக் கரையில் வெயிலில் போட்டுவிட்டுச் சாப்பிடப் போகாதீர்கள், உள்ளே காற்று சூடாகி அழுத்தம் கூடும், ஒட்டிய இடம் பிரியலாம். நிழல் இல்லையென்றால் இரண்டு பிஎஸ்ஐ இறக்கிவிட்டுப் போங்கள்.

வீட்டுக்கு வந்ததும் கையைச் சோப்புப் போட்டுக் கழுவுங்கள், எலிக்காய்ச்சல் கிருமி ஆற்றுநீரில் இருக்கக்கூடும். இறங்கும் முன்பே வெட்டுக்காயங்களுக்கு நீர் புகாத பிளாஸ்திரி ஒட்டியிருக்கவேண்டும். பலகையை ஈரத்தோடு சுருட்டி வைத்தால் பூஞ்சை பிடிக்கும், துணியால் துடைத்து வால்வைத் திறந்தபடி ஒருநாள் காயவிடுங்கள்.