தெருமரத்தின் அடியில் பூசிய சிமெண்டை அகற்றுவது எப்படி?

2016 டிசம்பர் 12 அன்று சென்னையை வர்தா புயல் தாக்கியபோது எங்கள் தெருவில் இரண்டு புங்க மரங்கள் வேரோடு சாய்ந்தன. மறுநாள் காலை அவற்றின் வேர்த்தட்டை அருகில் நின்று பார்த்தேன். மண் திறந்திருந்த பக்கம் கை தடிமனுக்கு வேர்கள் ஓடியிருந்தன. தண்டை ஒட்டிச் சிமெண்ட் பூசப்பட்டிருந்த பக்கம் விரல் தடிமனைத் தாண்டிய வேர் ஒன்றுகூட இல்லை. சில ஆண்டுகள் கழித்துப் புதிய நடைபாதை போடப்பட்டபோது, மீதமிருந்த மரங்களுக்கும் தண்டுவரை கலவையைக் கொட்டி மூடிவிட்டார்கள். அவற்றை நாங்கள் ஐந்து பேர் ஒவ்வொன்றாகத் திறந்துவிட்டோம். அந்த வேலையைப் புதிதாகத் தொடங்குபவர்களுக்காக இதை எழுதுகிறேன்.

அனுமதி

தெருமரமும் நடைபாதையும் உள்ளாட்சி அமைப்பின் பொறுப்பில் இருப்பவை. ஆகவே வார்டு அலுவலகத்தில் எழுத்துமூலம் மனுக் கொடுத்து, முத்திரையிட்ட நகலைக் கையில் வைத்துக்கொள்ளுங்கள். சென்னையில் 1913 என்ற எண்ணிலும் புகாரைப் பதிவு செய்யலாம். மனுவில் மரத்தின் படத்தை இணைப்பதோடு, மரத்தைச் சுற்றி ஒரு மீட்டருக்குள் உள்ள கான்கிரீட்டை அகற்ற வேண்டும் என்று தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் 2013 ஏப்ரல் 23 அன்று பிறப்பித்த உத்தரவையும் குறிப்பிடுங்கள். அது தில்லி மரங்கள் தொடர்பான வழக்கில் பிறந்த உத்தரவுதான் என்றாலும், பொறியாளரிடம் பேச்சைத் தொடங்க நல்ல பிடிமானமாக இருக்கும்.

காலமும் கருவிகளும்

ஆவணி, புரட்டாசி மாதங்கள்தான் இதற்கு ஏற்றவை. அப்போது திறந்துவிட்டால் வடகிழக்குப் பருவமழை முழுவதும் மண்ணுக்குள் இறங்கும். கத்திரி வெயிலில் செய்தால் வெளிப்படும் மெல்லிய வேர்கள் ஒரே நாளில் கருகிவிடும்.

ஒரு கிலோ சுத்தியல், இரண்டு உளிகள், களைக்கொத்தி, பாண்டு, பழைய கோணிப்பை, மூங்கில் சிம்பு, தேங்காய் நார்த் தூரிகை ஆகியவை போதும். கண்ணாடியும் கையுறையும் இல்லாமல் உளியைத் தொடாதீர்கள். மின்சாரத்தில் ஓடும் பிரேக்கரைப் பலரும் பரிந்துரைக்கிறார்கள். மரத்தடியில் அதை நான் ஒருபோதும் அனுமதிக்க மாட்டேன். சிமெண்ட் உடைந்து முடியும் கணத்தில் அதன் முனை எங்கே இறங்கும் என்பது பிடித்திருப்பவருக்கே தெரியாது. கடப்பாரையும் வேண்டாம். பல தெருக்களில் நடைபாதைக்கு அடியில் மின்கம்பி புதைந்திருக்கிறது. சிமெண்ட் தளத்தை எடுத்த பிறகு ஒரு சாணுக்குக் கீழே எந்த இரும்புக் கருவியும் போகக் கூடாது.

உடைத்தல்

தண்டிலிருந்து ஒரு மீட்டர் அளந்து சாக்பீஸால் கோடு போடுங்கள். நடைபாதை குறுகலாக இருந்தால் வட்டத்துக்குப் பதிலாகத் தெருவின் போக்கில் நீள்சதுரமாகத் திறக்கலாம். வேலையைக் கோட்டிலிருந்து தொடங்கித் தண்டை நோக்கி வர வேண்டும். உளியைச் சாய்வாகப் பிடித்து, அதன் முனை எப்போதும் மரத்துக்கு எதிர்ப்புறம் பார்க்கும்படி அடியுங்கள். கடைசி ஒரு சாண் அகலத்தில் சுத்தியலை ஓங்கவே கூடாது. உளியால் விரிசல் உண்டாக்கி, துண்டுகளைக் கையால் அசைத்து எடுக்க வேண்டும். சிமெண்ட் பட்டையோடு ஒட்டிக்கொண்டு வர மறுத்தால் அந்தச் சில்லை அப்படியே விட்டுவிடுங்கள். மரம் பருக்கும்போது அது தானாக விழும்.

முதல் மரத்தில் நாங்கள் உடைந்த சிமெண்ட் தளத்தின் ஒரு துண்டைப் புரட்டியபோது, அதன் அடிப்பரப்போடு ஒட்டிக்கொண்டு நூல் போன்ற வெள்ளை வேர்கள் வலையாகப் பின்னியிருந்தன. அந்த வாரம்தான் நல்ல மழை பெய்திருந்தது; ஆனால் அதற்குக் கீழிருந்த மண் அடுப்புச் சாம்பலைப் போல உலர்ந்து கிடந்தது. தளத்தின் அடியில் வியர்க்கும் ஈரத்தை நக்கித்தான் அந்த மரம் உயிரோடு இருந்திருக்கிறது. நீரையும் உணவையும் உறிஞ்சும் நுண்வேர்களில் பெரும்பகுதி மண்ணின் மேல் ஒன்றரை அடிக்குள்தான் இருக்கின்றன, ஏனென்றால் வேருக்கும் பிராணவாயு வேண்டும். ஆகவே அத்தகைய வலை கண்ணில் பட்டால், துண்டை இழுக்காமல் தூரிகையால் மெதுவாகப் பிரித்துவிட்டு, உடனே நனைத்த கோணிப்பையால் மூடுங்கள். கட்டைவிரலைவிடத் தடித்த வேர் எதையும் வெட்டக் கூடாது.

நான் தவறிய இடம்: மண் நிரப்புதல்

இந்தப் பகுதியை இரண்டு முறை படியுங்கள். சிமெண்டை எடுத்ததும் தண்டைச் சுற்றிப் பள்ளம் தெரியும், அதை நிரப்பிவிட வேண்டும் என்று கை பரபரக்கும். முதல் மரத்துக்குச் செம்மண்ணும் மாட்டெருவும் கலந்து, நடைபாதை மட்டத்துக்கும் மேலாகத் தண்டை அணைத்துக் கூம்பாகக் குவித்து, அழகாகத் தட்டியும் விட்டேன். ஐந்து மாதம் கழித்து இலைகள் சிறுத்து மஞ்சளித்தன. மண்ணை விலக்கிப் பார்த்தபோது அடிப்பட்டை கறுத்து, நகத்தால் அழுத்தினாலே குழையும் அளவுக்கு ஊறி, புளித்த வாடை அடித்தது; கரையான் வேறு ஏறியிருந்தது. சிமெண்டிலிருந்து மீட்ட மரத்தை மண்ணால் மூடிக் கெடுத்துவிட்டேன் என்பது அப்போதுதான் புரிந்தது.

வேரின் தோல் ஈரத்தில் வாழப் பழகியது, ஆனால் தண்டின் பட்டை காற்றில் உலர்ந்தே இருக்க வேண்டியது. இரண்டும் சந்திக்கும் இடத்தை வேர்க்கழுத்து என்கிறோம். அங்கே ஆரோக்கியமான மரத்தின் அடி யானைப் பாதம்போல வெளிப்புறமாக விரிந்திருக்கும். உங்கள் மரம் மின்கம்பத்தைப்போல நேராக மண்ணுக்குள் இறங்கினால், கழுத்து புதைந்திருக்கிறது என்று பொருள். அதன்மேல் ஈரமண் தங்கினால் பட்டை அழுகும்; பட்டையின் உட்பகுதி வழியாகத்தான் இலையில் உருவாகும் உணவு வேருக்கு இறங்குகிறது என்பதால், பட்டை சுற்றிலும் அழுகினால் முதலில் வேர்கள் பட்டினி கிடந்து சாகும், அதன் பிறகே உச்சிக் கிளைகள் காயும். கிளை காய்வதைப் பார்த்த பிறகு விழித்துக்கொள்வது பெரும்பாலும் காலம் கடந்த செயல்.

ஆகவே நிரப்புவதற்கு முன் வேர்க்கழுத்தைத் தேடுங்கள். மூங்கில் சிம்பால் தண்டை ஒட்டிய மண்ணை வழித்து, நார்த் தூரிகையால் துடைத்துக்கொண்டே கீழே இறங்கினால், ஓரிடத்தில் தண்டு பக்கவாட்டில் விரியத் தொடங்கும். அங்கே நிறுத்திவிட வேண்டும். எங்கள் மரங்களுள் ஒன்றில் அது முழங்கை ஆழத்தில் கிடைத்தது, ஏனென்றால் ஒவ்வொரு முறை சாலை போடும்போதும் நடைபாதையும் உயர்ந்துகொண்டே வந்திருக்கிறது. அத்தகைய மரத்துக்கு நடைபாதை மட்டத்தை மறந்துவிடுங்கள். தண்டைச் சுற்றி இரண்டு கை அகலத்துக்குக் கிணறுபோல வெற்றிடம் விட்டு, வெளிவட்டத்தில் மட்டும் மண் இடுங்கள். மற்ற மரங்களுக்கு, மண் மட்டம் நடைபாதையைவிட இரண்டு அங்குலம் தாழ்வாகவும், தண்டிலிருந்து வெளிப்புறமாகச் சற்றுச் சரிந்தும் இருக்கட்டும். அப்போதுதான் மழைநீர் உள்ளே வரும், ஆனால் கழுத்தில் தேங்காது.

இறுகிய மண்ணைக் கொத்திப் புரட்ட வேண்டாம். இரும்புக் கம்பியால் ஓரடி இடைவெளியில் ஒரு சாண் ஆழத்துக்குத் துளையிட்டு, மக்கிய எருவை அதில் தூவினால் மண்புழுக்கள் மீதியைப் பார்த்துக்கொள்ளும். மேலே இரண்டு அங்குலம் சருகு பரப்புங்கள், தண்டிலிருந்து ஒரு சாண் தள்ளி. விலைக்கு வாங்கும் தேங்காய் நார்க்கட்டிகளைவிட, அதே மரம் மாசி, பங்குனியில் உதிர்க்கும் இலையே சிறந்தது. புங்க இலையை வயலுக்குத் தழையுரமாக இட்ட வழக்கம் நம்மிடம் பழையது.

ஆணியும் கம்பியும்

விளம்பரப் பலகை ஆணிகள் தலை வெளியே தெரிந்தால் குறடால் நேராக இழுத்து எடுங்கள். பட்டை மூடிவிட்ட ஆணியைத் தோண்டக் கூடாது. கிளையை இறுக்கும் வண்ணவிளக்கு வயர், கொடிக்கம்பி ஆகியவற்றில் மின்சாரம் இல்லை என்று உறுதி செய்துகொண்டு, வெளியே தெரியும் பகுதியை மட்டும் நறுக்கி, உள்ளே புதைந்ததை விட்டுவிடுங்கள். இளமரத்தின் இரும்புக்கூண்டு தண்டைத் தொடத் தொடங்கியிருந்தால் அன்றே கழற்றுங்கள்.

பின்னர் சேர்த்தவை

இதைப் படித்துவிட்டுச் செய்து பார்த்தவர்கள் எழுப்பிய மூன்று கேள்விகள் எனக்கும் புதியவை.

உளி பட்டுப் பட்டை உரிந்த இடத்தில் தார் அல்லது சாணம் பூசலாமா என்று கேட்டிருந்தார்கள். வேண்டாம். மரத்துக்குத் தோல்போல ஆறும் தன்மை கிடையாது. காயத்தைச் சுற்றி உள்ளேயே தடுப்புச்சுவர் எழுப்பி அதைத் தனிமைப்படுத்துகிறது. அமெரிக்க வனத்துறையில் பணியாற்றிய அலெக்ஸ் ஷிகோ ஆயிரக்கணக்கான மரங்களை நெடுக்காக அறுத்து ஆராய்ந்து இதை விளக்கினார். காயத்துக்குப் பூசும் பூச்சு அழுகலைத் தடுப்பதில்லை என்பதும் அவர் கண்டதுதான். தளர்ந்து தொங்கும் பட்டையை மட்டும் கூரிய கத்தியால் நறுக்கி, காயத்தைக் காற்றில் விடுங்கள்.

கோவை வாசகர் ஒருவர், திறந்த இடத்தில் தண்ணீர் இரண்டு நாள் நின்று கொசு வருவதாக எழுதினார். ஒரு வாளித் தண்ணீர் ஊற்றிப் பாருங்கள். மாலைக்குள் இறங்காவிட்டால் துளைகள் போதவில்லை என்று பொருள். இடைவெளியை அரையடியாகக் குறையுங்கள். அவருக்கு அது பலன் கொடுத்தது.

மூன்றாவது சிக்கல்தான் கடினமானது. முதியவர்கள் தடுக்கி விழுகிறார்கள் என்று சொல்லி, திறந்த இடத்தைக் கடைக்காரர்களே மீண்டும் சிமெண்டால் மூடிவிடுகிறார்கள். அவர்களுடைய கவலை நியாயமானது, அதைத் தட்டிக்கழிக்காதீர்கள். வெளிவிளிம்பில் ஒரு வரிசை பேவர் பிளாக் கற்களை, கலவை இல்லாமல் மணல்மேல் மட்டும் பதித்தால் கால் வைக்க இடம் கிடைக்கும், இடுக்குகள் வழியாக நீரும் இறங்கும். சருகைக் கூட்டிக் கொளுத்தும் பழக்கம் உள்ள தெருவில் தூய்மைப் பணியாளரிடம் முன்கூட்டியே பேசுங்கள்; தண்டருகே எரியும் சிறு தீயும் பட்டைக்கு அடியில் இருக்கும் உயிருள்ள அடுக்கை வேகவைத்துவிடும். எங்கள் தெருவில் அந்த அம்மாதான் இப்போது சருகைக் கூட்டி வட்டத்துக்குள் தள்ளிவிட்டு, தண்டைச் சுற்றி ஒரு சாண் இடம் விடுகிறார். முதல் மரத்தில் கறுத்த பட்டையின் ஓரத்தில் புதிய பட்டை சுருண்டு ஏறத் தொடங்கியிருக்கிறது என்று சென்ற வாரம் காட்டியவரும் அவரே.